கை முடியும் இடம்

இந்த ஊரில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது.
ஏ1, பி4, க்யூ7 என்று
யாரோ பொத்தான்களை அடுக்கிவைத்துப் போயிருக்கிறார்கள்.
மன்ஹைம் நீதிமன்றம் ஏ1.
ட்ராமிலிருந்து இறங்கி நான் அழுத்தும் முதல் பொத்தான்.

பையில் சாட்சி இருக்கிறது.
ரசீதோடு, சீல் உடையாத பெட்டியில் ஒன்று.
நான் திறந்து பார்த்தது இன்னொன்று,
ரப்பர் வளையம் போட்டு மூடியிருக்கிறேன்.
ஆறு திருகாணி. ஒரு ரிப்பன் கேபிள்.
இடப்பக்கம் கனத்த மோட்டார், வலப்பக்கம் மெலிந்தது.
ஒருச்சாய்ந்த எடையைச் சுழற்றிச் சுழற்றி
திரையில் பெய்யும் மழையை
உள்ளங்கைக்குச் சொல்பவை.

வழக்கு இவ்வளவுதான்.
கோரிக்கை எண் நான்கு:
'கையின் பகுதியில் அமைந்த அதிர்வுக் கருவி.'
அது எங்களுடையது என்கிறோம்.
எதிர்த்தரப்பு மறுக்கவில்லை, அளந்து காட்டுகிறது:
எங்கள் மோட்டார் ஒன்பது மில்லிமீட்டர் தள்ளி
மணிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது,
மணிக்கட்டு கை ஆகாது.

ஒன்பது மில்லிமீட்டருக்குப்
பதினொரு வக்கீல்கள்.

டாக்டர் ஓக்ஸ் அகராதியை வாசிக்கிறார்.
எங்களவர் உடற்கூறியல் புத்தகத்தைத் திறந்து
மணிக்கட்டின் எட்டு எலும்புகளையும்
ஒவ்வொன்றாகக் கைக்குள் கொண்டுவருகிறார்.

திருப்புளியோடு பின்வரிசையில் இருக்கிறேன்.
என் மொழியில் நடந்திருந்தால்
இந்த வழக்கு பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்,
அல்லது முடிந்தே இருக்காது.
எங்களுக்குக் கை தோளிலேயே தொடங்கிவிடுகிறது.
கை உடைந்தது என்றால்
எந்த இடத்தில் என்று கேட்கவேண்டும்.
கைமாற்று. கையிருப்பு. கைநாட்டு.
கைவிட்டுப் போனது.
இதில் எந்தக் கைக்கு மணிக்கட்டு?

நீதிபதி ஹின்ரிக்சன் அம்மையார் என்னைக் கூப்பிட்டு
இதை எப்படிப் பிடிப்பது என்றார்.
சூப்புக் கிண்ணம்போல ஏந்தியிருந்தார்.
விரல்களை நகர்த்திவைத்துச்
சோதனை நிலையை அழுத்தினேன்.
அதிர்ந்ததும் 'ஓ' என்றார்.
அதைக் குறிப்பதா என்று தெரியாமல்
எழுத்தர் பேனாவைத் தூக்கியபடி இருந்தார்.

இடைவேளையில் பதிவேட்டைப் புரட்டினேன்.
எழுபத்துமூன்றாம் எண் உரிமையாளருடையது.
நான்குமுறை மாறியிருக்கிறது:
க்ரெனோபிளில் திவாலான பொம்மைக் கம்பெனி,
அதற்குக் கடன் கொடுத்த வங்கி,
ஒரு தொலைபேசி நிறுவனம்,
இப்போது லக்ஸம்பர்கில் ஒரு தபால்பெட்டி.
ஒரு பொத்தான்கூடச் செய்தறியாத அந்தப் பெட்டிதான்
எங்கள் கட்சிக்காரர்.

எழுபத்திரண்டாம் எண் கண்டுபிடித்தவருடையது.
அதை யாரும் விற்கமுடியாது.
கெரமெக், ஓடில்.

படம் மூன்றில் அவள் வரைந்த கை.
சுண்டுவிரல் மட்டும் கோணல்.
சட்டத்துக்கு அந்தக் கோணல் தேவைப்படவில்லை,
எண் போட்ட கோடுகள் எல்லாம்
அதைத் தொடாமல் சுற்றிப் போகின்றன.
யாரையோ எதிரில் உட்காரவைத்து வரைந்திருக்கிறாள்.
கையை எங்கே முடித்திருக்கிறாள் என்று பார்த்தேன்.
மணிக்கட்டைத் தாண்டி,
முழங்கையை நோக்கிப் பாதி தூரம்,
தாள் தீர்ந்த இடத்தில்
ஒரு அலைக்கோடு.

அதை எங்களவருக்குக் காட்டினேன்.
காட்டாமலும் இருந்திருக்கலாம்.

அலைக்கோட்டைப் பெரிதாக்கிச் சுவரில் போட்டார்கள்.
ஓக்ஸ் தண்ணீர் குடித்தார்.
தீர்ப்பு மூன்று வாரம் கழித்து.
ஆனால் ஹம்பர்க் துறைமுகத்தில்
நாற்பதாயிரம் பெட்டிகள் நிற்கப்போவது
எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.
அதன்பின் காப்புரிமைக்கு எட்டு வாரம் ஆயுள்.
பிறகு யார் வேண்டுமானாலும்
கையின் எந்தப் பகுதியிலும் அதிரவைக்கலாம்.

சீல் உடையாததை நீதிமன்றம் வைத்துக்கொண்டது.
திறந்ததை யாரும் கேட்கவில்லை.
லுட்விக்ஸ்ஹாஃபன் ட்ராம் ரைன் பாலத்தில் ஏறும்போது
மடியில் பை நடுங்கியது.

சோதனை நிலையை அணைக்க மறந்திருக்கிறேன்.